டேர், டீ, டஸ்: பினாங்கில் ஜெர்மன் படிக்கத் தொடங்கும் தமிழருக்குப் பெயர்ச்சொல் வழிகாட்டி

"அக்கா, கரண்டி ஆம்பளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி ரெண்டுமே இல்லையாம். இதுக்கு என்னதான் கணக்கு?"

சனிக்கிழமை வகுப்பு முடிந்து நாசி கண்டார் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். நிபோங் திபால் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கச்சி, கையில் கரண்டியைப் பிடித்தபடியே இதைக் கேட்டாள். தாதியர் பயிற்சிக்கு ஜெர்மனி போகவேண்டும் என்று மூன்று வாரமாகப் படிக்கிறாள். டேர் லொஃபெல், டீ காபெல், டஸ் மெஸ்ஸர். கரண்டி, முள்கரண்டி, கத்தி. முதல் வாரத்திலேயே எல்லாரையும் தடுமாற வைக்கும் மூன்று சொற்கள்.

நான் திருப்பிக் கேட்டேன். "பள்ளியில மலாய்ப் பாடத்துல கடிதத்த எண்ணவும் 'செப்புச்சோக்', துப்பாக்கிய எண்ணவும் 'செப்புச்சோக்'னு படிச்சியே, அதுக்கு என்ன கணக்குன்னு அப்போ கேட்டியா?"

"கேக்கலையே. டீச்சர் சொன்னாங்க, எழுதிக்கிட்டோம்."

"இதையும் அப்படியே எழுதிக்கம்மா."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதன் விரிவுதான். மலேசியத் தமிழ்ப் பிள்ளையிடம் மூன்று மொழி இருக்கிறது. ஜெர்மன் பெயர்ச்சொல்லின் பாலைப் பிடிக்க மலாய்ப் பாடத்தில் பழகிய பழக்கம் உதவும். வேற்றுமையைப் பிடிக்கத் தமிழே போதும். ஆங்கிலத்தை இந்த இரண்டு வேலைக்கும் கூப்பிடாதீர்கள். அங்கே எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரே 'தி'தான். பெயர் எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் அந்தத் 'தி' மாறாது.

நான் ஆங்கில வழியாகத்தான் படித்தேன். 'டைரக்ட் ஆப்ஜெக்ட்', 'இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்' என்று பலகையில் எழுதிப்போட்டார்கள். ஆறு மாதம் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒருநாள் பேருந்தில் வரும்போது, பள்ளியில் ஒப்புவித்த 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' சும்மா வாயில் வந்தது. பலகையில் பார்த்த அத்தனையும் எனக்கு ஏழு வயதிலிருந்தே தெரிந்ததுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்கவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் ஒலிகள் எல்லாம் தமிழ் எழுத்தில் அடங்கிவிடாது. இங்கே எழுதியிருப்பது அடையாளம் காண்பதற்கு மட்டும். ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவில் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள்.

முதல் படி: பால் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. மனிதர் என்றால் உயர்திணை, மற்றவை அஃறிணை. 'அவன் வந்தான், அவள் வந்தாள், கரண்டி விழுந்தது' என்று வினையின் வாலிலேயே பால் தெரிந்துவிடும். ஜெர்மன் வினை பாலைக் காட்டவே காட்டாது. அங்கே பால் பெயருக்கு முன்னால் நிற்கும் சுட்டுச்சொல்லில் தெரியும். ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, நடுப்பாலுக்கு டஸ்.

இந்தப் பால் பொருளுக்கு உரியதில்லை, சொல்லுக்கு உரியது. நாம் சூரியனை ஆணாகச் சொல்வோம், பெண் குழந்தைக்கு நிலா என்று பெயர் வைப்போம். ஜெர்மனில் சூரியன் டீ ஸொன்னெ, நிலவு டேர் மோண்ட். இளம்பெண்ணைக் குறிக்கும் மெட்ஷென் என்ற சொல் நடுப்பால்: டஸ் மெட்ஷென். அங்கே பெண்ணை யாரும் அஃறிணையாக்கவில்லை. அந்தச் சொல் 'ஷென்' என்ற சிறுமை விகுதியோடு முடிகிறது, அந்த விகுதி வந்தால் எதுவும் நடுப்பால்தான்.

இதை மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். "கரண்டி எங்கே?" என்று கேட்டால் ஜெர்மானியர் 'ஏர்' என்று தொடங்கிப் பதில் சொல்வார். அது 'அவன்' என்பதற்கும் அதே சொல். முள்கரண்டி என்றால் 'ஸீ', அதாவது 'அவள்'. கேட்கும்போது கூச்சமாக இருக்கும், சொல்லச் சொல்லப் பழகிவிடும்.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகம்

மலாயில் 'கெரேத்தா' என்று தனியாகவா படித்தோம்? 'செபுவா கெரேத்தா', 'செஎக்கோர் ஆயாம்', 'செஹெலாய் பாஜு' என்று முன்சொல்லையும் சேர்த்து ஒரே மூச்சில்தான் ஒப்புவித்தோம். பென்ஜோடோ பிலாங்கான் என்ற இந்த எண்ணும் முன்சொற்களுக்காகத் தனி மதிப்பெண்ணே இருந்தது. இன்றைக்கும் வாய் தானாகச் சொல்லும். அதே பயிற்சியை இங்கே கொண்டுவாருங்கள். 'டிஷ் என்றால் மேசை' என்று எழுதாதீர்கள். 'டேர் டிஷ்' என்று எழுதுங்கள். 'டேர்டிஷ்' என்று ஒரே சொல்லாக வாயில் உருளட்டும்.

முதல் ஆறு மாதம் நான் பெயரை மட்டும் எழுதி வைத்தேன். பாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த நோட்டில் இருந்த சொற்கள் அத்தனையையும் மறுபடி படிக்கவேண்டி வந்தது. புதிதாகப் படிப்பதைவிட அது கடினம். சொல் ஏற்கெனவே மொட்டையாக மனதில் உட்கார்ந்துவிட்டதால், அதன் தலையில் எதை ஒட்டினாலும் விழுந்துவிடுகிறது.

மூன்று நிறப் பேனா வாங்குங்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நடுப்பாலுக்குப் பச்சை. எந்த நிறம் எதற்கு என்பது உங்கள் விருப்பம், ஆனால் கடைசிவரை மாற்றாதீர்கள். இடது ஓரத்தில் சுட்டும் பெயரும், நடுவில் பன்மை, வலது ஓரத்தில் அந்தச் சொல் வரும் ஒரு சின்ன வாக்கியம். பன்மையையும் இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'கள்' ஒட்டினால் வேலை முடிந்தது. ஜெர்மனில் டேர் டிஷ், பன்மையில் டீ டிஷெ. டஸ் கிண்ட், டீ கிண்டர். டீ லம்பெ, டீ லம்பென். டஸ் அவுட்டோ, டீ அவுட்டோஸ். டேர் லேரர், பன்மையிலும் டீ லேரர். பன்மை எல்லாவற்றுக்கும் 'டீ'தான் என்பது ஒரு ஆறுதல்.

அகராதியைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் எம், எஃப், என் என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். எம் ஆண்பால், எஃப் பெண்பால், என் நடுப்பால். டூடென் அகராதியில் டேர், டீ, டஸ் என்றே கொடுத்திருப்பார்கள், அடுத்து ஆறாம் வேற்றுமை வடிவமும் பன்மை வடிவமும் வரும். ஜெர்மன் எழுத்தில் பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்கும். புரியாத பக்கத்தில்கூட எது பெயர் என்று கண்ணால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது? தினமும் தொடும் பொருள்களிலிருந்து. அன்றைக்கு நாசி கண்டார் தட்டையே அந்தத் தங்கச்சிக்கு முதல் பாடமாக வைத்தேன். தட்டு டேர் டெல்லர். சோறு டேர் ரைஸ். மீன் டேர் ஃபிஷ். குழம்பு டீ ஸோஸெ. வெண்டைக்காய் டீ ஓக்ரா. முட்டை டஸ் ஐ. உப்பு டஸ் ஸல்ட்ஸ். தண்ணீர் டஸ் வஸ்ஸர், தேநீர் டேர் டே, அதில் ஊற்றும் பால் டீ மில்ஷ், சர்க்கரை டேர் ட்ஸுக்கர். சாப்பிட்டுக்கொண்டே, எதைத் தொடுகிறோமோ அதைச் சொன்னோம். தட்டு காலியாவதற்குள் பதினோரு சொல். அடுத்த வாரம் கேட்டபோது ஒன்பது ஞாபகம் இருந்தது.

நம்மிடமிருந்து போன சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை மறக்காது. கட்டுமரம் ஜெர்மனுக்குப் போய் டேர் கட்டமரான் ஆனது. மாங்காய் டீ மங்கோ ஆனது. கறி டஸ் கரி ஆனது, 'டேர் கரி' என்றும் அகராதி ஏற்றுக்கொள்கிறது. மூன்று தமிழ்ச் சொல், மூன்று பால்.

மூன்றாம் படி: சொல்லின் வாலைப் பாருங்கள்

எல்லாமே மனப்பாடம் என்று மலைக்க வேண்டாம். ஏராளமான சொற்களில் விகுதியே பாலைச் சொல்லிவிடும். இது நம்பிக்கையோடு சாய்ந்துகொள்ளக்கூடிய இடம் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

'உங்' விகுதி வந்தால் பெண்பால். நீங்கள் தேடிப் போகும் தொழிற்பயிற்சியின் பெயரே டீ அவுஸ்பில்டுங். வீடு டீ வோனுங், ரசீது டீ ரெஷ்னுங், காப்புறுதி டீ ஃபெர்ஸிஷெருங், செய்தித்தாள் டீ ட்ஸைட்டுங். 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' மூன்றும் பெண்பால்: நோய் டீ க்ராங்க்ஹைட், வாய்ப்பு டீ மோக்லிஷ்கைட், நட்பு டீ ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட். 'ட்ஸியோன்', 'டேட்', 'ஊர்' என்று முடியும் கடன் சொற்களும் அப்படியே: மருத்துவமனை வார்டு டீ ஷ்டட்ஸியோன், அறுவைச் சிகிச்சை டீ ஓபெரட்ஸியோன், பல்கலைக்கழகம் டீ உனிவெர்ஸிடேட், வெப்பநிலை டீ டெம்பெரட்டூர். தொழில் செய்யும் பெண்ணைக் குறிக்க 'இன்' சேரும்: டீ லேரரின், டீ எர்ட்ஸ்டின்.

நடுப்பாலுக்கு 'ஷென்', 'லைன்'. இரண்டும் சின்னது, செல்லமானது என்று காட்டும் விகுதிகள். காலையில் உண்ணும் சின்ன ரொட்டி டஸ் ப்ரோட்ஷென். 'மென்ட்', 'உம்' இரண்டும் பெரும்பாலும் நடுப்பால்: மருந்து டஸ் மெடிகமென்ட், அருங்காட்சியகம் டஸ் முஸேயும். வினையை அப்படியே பெயராக்கினாலும் நடுப்பால்: டஸ் எஸ்ஸென் என்றால் சாப்பாடு, சாப்பிடுதல், டஸ் லேபென் வாழ்க்கை, வாழ்தல். நம் 'தல்', 'அல்' தொழிற்பெயர்களை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆண்பாலுக்கு 'லிங்', 'இஸ்முஸ்', 'ஓர்'. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தம்பிமார்களுக்குக் கடைசி விகுதி ரொம்பப் பயன்படும்: டேர் மோட்டோர், டேர் சென்சோர், டேர் டிரான்சிஸ்டோர். கிழமை, மாதம், பருவம், திசை, மழை, காற்று எல்லாமே ஆண்பால்: டேர் மோன்டாக், டேர் யனுவார், டேர் ஸொம்மர், டேர் நோர்டென், டேர் ரேகென், டேர் விண்ட். கார் வகைகளும் ஆண்பால். அதே கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தால் அது பெண்பால்: டேர் பே-எம்-வே என்றால் கார், டீ பே-எம்-வே என்றால் மோட்டார் சைக்கிள்.

'எ' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால்: டீ லம்பெ, டீ ஷூலெ, டீ ஷ்ட்ராஸெ, பட்டர்வொர்த்திலிருந்து ஏறும் ஃபெரியும் டீ ஃபேரெ. ஆனால் பெயர் என்பது டேர் நாமெ, பாலாடைக்கட்டி டேர் கேஸெ, கண் டஸ் அவுகெ. இந்த விதியைப் பாதி நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'எர்' ஆண்பால் என்று சிலர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஒரு வேலையைச் செய்பவரைக் குறித்தால் அது ஆண்பால் என்று நம்பலாம்: டேர் லேரர் ஆசிரியர், டேர் ஃபாரர் ஓட்டுநர். கத்தி டஸ் மெஸ்ஸர், சன்னல் டஸ் ஃபென்ஸ்டர், வெண்ணெய் டீ புட்டர், இவையும் 'எர்' என்றே முடிகின்றன. டேர் கூஹென் என்ற கேக்கின் வாலில், எழுத்தில் அந்த 'ஷென்' போலவே தெரிவதும் சிறுமை விகுதி கிடையாது. விகுதியைப் பிய்த்தால் பின்னால் ஒரு சொல் நிற்கவேண்டும், அப்போதுதான் அது விகுதி.

நீண்ட கூட்டுச்சொற்களைக் கண்டு பயப்படவேண்டாம், கடைசிச் சொல்லின் பால்தான் முழுச் சொல்லுக்கும். ஹவுஸ் நடுப்பால், ட்யூர் பெண்பால். வாசற்கதவு டீ ஹவுஸ்ட்யூர். தமிழிலும் 'பள்ளிக்கூடத்தை' என்று கடைசிச் சொல்தானே வேற்றுமை ஏற்கிறது?

நான்காம் படி: வேற்றுமை, இது நம் வீட்டுச் சாமான்

தமிழுக்கு எட்டு வேற்றுமை, ஜெர்மனுக்கு நான்கு. எழுவாய் வேற்றுமை நொமினட்டீவ். 'ஐ' வரும் இரண்டாம் வேற்றுமை அக்குஸட்டீவ். 'கு' வரும் நான்காம் வேற்றுமை டட்டீவ். 'உடைய' என்று சொல்லும் ஆறாம் வேற்றுமை கெனிட்டீவ். தமிழில் உருபு பெயரின் பின்னால் ஒட்டும். ஜெர்மனில் முன்னால் நிற்கும் சுட்டு உருமாறும். மேற்சொன்ன வரிசையில்:

ஆண்பால்: டேர், டேன், டேம், டெஸ்
பெண்பால்: டீ, டீ, டேர், டேர்
நடுப்பால்: டஸ், டஸ், டேம், டெஸ்
பன்மை: டீ, டீ, டேன், டேர்

இதைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் விழுங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு மாற்றம் போதும்: ஆண்பால் டேர், 'ஐ' வரும் இடத்தில் டேன். மற்ற மூன்று வரியிலும் முதல் இரண்டு கட்டமும் ஒன்றேதான், பாருங்கள். டேர் டிஷ் இஸ்ட் அல்ட், மேசை பழையது. இஷ் கவுஃபெ டேன் டிஷ், மேசையை வாங்குகிறேன்.

இங்கேதான் தமிழர் எல்லாரும் செய்யும் ஒரு தவறு வருகிறது. நாம் அஃறிணையில் 'ஐ'யை விழுங்கிவிடுவோம். 'மேசை வாங்கினேன்', 'மீன் சாப்பிட்டேன்' என்போம். அதே பழக்கத்தில் ஜெர்மனிலும் டேர் டிஷ், டேர் ஃபிஷ் என்று எழுவாயாகவே விட்டுவிடுகிறோம். வாக்கியத்தை மனதில் முழுதாக விரியுங்கள்: மேசையை வாங்கினேன், மீனைச் சாப்பிட்டேன். 'ஐ' பொருந்தினால் டேன். எனக்கு இந்த ஒரு பழக்கம் வந்தபிறகு வீட்டுப்பாடத்தில் சிவப்பு மை பாதியாகக் குறைந்தது.

அடுத்தது 'கு'. குழந்தைக்கு ஆப்பிளைக் கொடுக்கிறேன்: இஷ் கேபெ டேம் கிண்ட் டேன் அப்ஃபெல். 'கு' டேம், 'ஐ' டேன், வரிசைகூட நம் வரிசையே. ஆங்கில வழி படிப்பவர்களுக்கு விளங்கவே விளங்காத சில வினைகள் நமக்குப் பிறந்த வீடு மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் உதவி என்ற வினைக்கு நேராக ஆளைச் சொல்லிவிடுவார்கள்; நாம் 'அவருக்கு' உதவுகிறோம், ஜெர்மானியரும் அப்படியே: இஷ் ஹெல்ஃபெ டேம் மன். ஆங்கிலத்தில் வீட்டை 'நான்' விரும்பவேண்டும். நமக்கு வீடு 'எனக்கு'ப் பிடிக்கும்: டஸ் ஹவுஸ் கெஃபெல்ட் மீர். 'மீர்' என்றால் எனக்கு. எனக்குக் குளிர்கிறது: மீர் இஸ்ட் கல்ட். புத்தகம் ஆசிரியருக்குச் சொந்தம்: டஸ் பூஹ் கெஹோர்ட் டேம் லேரர். நன்றி சொல்வது, பதில் சொல்வது, ருசிப்பது, வலிப்பது எல்லாம் 'கு'தான்.

சொல்வரிசையும் அப்படியே. டேன் ஹுண்ட் பைஸ்ட் டேர் மன் என்று பார்த்தால், வரிசையை நம்பிப் படிப்பவர் நாய் மனிதனைக் கடித்தது என்பார். 'நாயைக் கடிக்கிறான் மனிதன்' என்று நமக்கு உடனே தெரியும். டேன் என்றால் ஐ.

கட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பெண்பாலுக்குக் 'கு' வரும்போது டீ மாறி டேர் ஆகிறது. 'டேர் ஃப்ராவ்' என்று கேட்டால் பெண்ணுக்கு ஆண்பால் வந்துவிட்டது என்று குழம்பாதீர்கள், அது 'பெண்ணுக்கு' அல்லது 'பெண்ணுடைய'. பன்மையில் 'கு' வந்தால் பெரும்பாலும் பெயரின் வாலிலும் ஒரு 'ன்' சேரும்: டேன் கிண்டர்ன், குழந்தைகளுக்கு.

ஆறாம் வேற்றுமையைத் தொடக்கத்தில் படித்து அறிந்தால் போதும். டஸ் பூஹ் டெஸ் லேரர்ஸ், ஆசிரியரின் புத்தகம். உடையவர் பின்னால் வருகிறார், ஆண்பால், நடுப்பால் பெயரின் வாலில் 'ஸ்' ஒட்டுகிறது. பேச்சில் பெரும்பாலும் 'ஃபொன்' போட்டு நான்காம் வேற்றுமையில் சொல்லிவிடுகிறார்கள்.

சில ஆண்பால் பெயர்கள் எழுவாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் 'என்' அல்லது 'ன்' சேர்த்துக்கொள்ளும். தாதியருக்குத் தினமும் வரும் சொல் அதில் ஒன்று: டேர் பட்ஸியென்ட், டேன் பட்ஸியென்டென், டேம் பட்ஸியென்டென். டேர் ஷ்டுடென்ட், டேர் கொலேகெ, டேர் நாமெ, டேர் ஹெர் எல்லாம் இந்தக் கூட்டம்.

தமிழ் ஏமாற்றும் இடங்கள்

தமிழை நம்பச் சொன்ன நானே, எங்கே நம்பக்கூடாது என்றும் சொல்லியாகவேண்டும். என் நோட்டில் இதற்கென்று ஒரு தனிப் பக்கம் உண்டு.

ஆசிரியருக்கு ஃபோன் போடுகிறோம். ஜெர்மனில் ஆசிரியரை: இஷ் ரூஃபெ டேன் லேரர் அன். ஆசிரியரிடம் கேட்கிறோம், அங்கே ஆசிரியரைக் கேட்கிறார்கள்: இஷ் ஃப்ராகெ டேன் லேரர். ஒருவரை நம்புகிறோம், ஒருவரைப் பின்தொடர்கிறோம், ஒருவரை வழியில் சந்திக்கிறோம். க்ளவுபென், ஃபொல்கென், பெகேக்னென் என்ற அந்த மூன்று வினைக்கும் ஜெர்மனில் 'கு': இஷ் க்ளவுபெ டேம் மன். 'ஆசிரியருக்காக' என்பதில் 'கு' கேட்கிறது, ஆனால் ஃப்யூர் எப்போதும் 'ஐ' வடிவத்தைத்தான் கேட்கும்: ஃப்யூர் டேன் லேரர்.

இதைவிடப் பெரியது 'பள்ளிக்குப் போகிறேன்'. தமிழில் போகும் இடத்துக்குக் 'கு', இருக்கும் இடத்துக்கு 'இல்'. ஜெர்மனில் 'இன்' என்ற முன்னிடைச்சொல்லோடு, போகும்போது இரண்டாம் வேற்றுமை, இருக்கும்போது நான்காம் வேற்றுமை: இஷ் கேயெ இன் டீ ஷூலெ, பள்ளிக்குப் போகிறேன். இஷ் பின் இன் டேர் ஷூலெ, பள்ளியில் இருக்கிறேன். நம் 'கு'வைப் பிடித்துக்கொண்டு போனால் நேர் எதிராக விழுவோம். இங்கே உருபை மறந்துவிட்டு 'எங்கே போகிறது?', 'எங்கே இருக்கிறது?' என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: முன்னிடைச்சொற்களுக்கு ஒரு வாய்ப்பாடு

பெருக்கல் வாய்ப்பாடு ஒப்புவித்த அதே ராகத்தில் மூன்று வரி.

எப்போதும் நான்காம் வேற்றுமை: அவுஸ், பை, மிட், நாஹ், ஸைட், ஃபொன், ட்ஸூ.

எப்போதும் இரண்டாம் வேற்றுமை: டுர்ஷ், ஃப்யூர், கேகென், ஓனெ, உம்.

போனால் இரண்டு, இருந்தால் நான்கு: அன், அவுஃப், ஹிண்டர், இன், நேபென், ஊபர், உண்டர், ஃபோர், ட்ஸ்விஷென்.

மூன்றாம் வரியில் இருப்பவை எல்லாம் இடத்தைக் காட்டுபவை: மேல், பின், உள், பக்கத்தில், கீழ், முன், நடுவில். பேச்சில் சில ஒட்டிக்கொள்ளும்: இன் டேம் என்பது இம், ட்ஸூ டேம் என்பது ட்ஸும், ட்ஸூ டேர் என்பது ட்ஸூர். நம் புணர்ச்சி போலத்தான்.

தினசரி வேலையும் வகுப்பும்

ஒரு நாளைக்கு ஏழு பெயர், அதற்குமேல் வேண்டாம். புதிய ஏழை எழுதுமுன் நேற்றைய ஏழையும் போன வாரத்தின் ஏழையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேருந்திலோ ஃபெரியிலோ போகும்போது கண்ணில் படுவதைச் சொல்லிப் பாருங்கள்: டஸ் மேர் கடல், டீ இன்ஸெல் தீவு, டேர் ஹாஃபென் துறைமுகம், டீ ப்ர்யூக்கெ பாலம், டஸ் ஷிஃப் கப்பல். தெரியாததைக் கைப்பேசியில் பார்த்து அன்றைய ஏழில் சேருங்கள். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் ஒருவர் பெயரைச் சொல்ல மற்றவர் சுட்டோடு திருப்பிச் சொல்லலாம். புலனத்தில் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டாலும் போதும்.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலையிலுள்ள மலேசிய-ஜெர்மன் சங்கம் ஜெர்மன் வகுப்பு நடத்துகிறது. கோலாலம்பூரில் கொய்தே நிலையம் இருக்கிறது. அங்கே ஏ1 என்ற தொடக்க நிலை முதல் மேல்நிலை வரை வகுப்பும் தேர்வும் உண்டு. தாதியர் பயிற்சிக்கும் வேலைக்கும் பெரும்பாலும் பி1 அல்லது பி2 கேட்பார்கள். கட்டணமும் தேர்வு நாளும் மாறிக்கொண்டே இருப்பதால் நேரே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே கேட்டுப் பழக, டாய்ச்ச வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் இயங்கலையில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது.

பெயரடை விகுதிகளை இப்போது தொடாதீர்கள். 'பழைய மேசை', 'பழைய மேசையை' என்னும்போது ஜெர்மனில் 'பழைய' என்ற சொல்லும் மாறும். சுட்டுகள் வாயில் தானாக வர ஆரம்பித்தபிறகு, ஏ2 வாக்கில், அது வெகு சுலபமாக ஏறும். நான் இரண்டையும் ஒன்றாகப் படிக்கப்போய் இரண்டையும் கலக்கிக்கொண்டேன்.

செய்து பாருங்கள்

கீழே ஆறு வாக்கியம். ஜெர்மனில் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள். தேடு ஸூஹெ, கிடக்கிறது லீக்ட், வாகனத்தில் போ ஃபாரெ, ருசிக்கிறது ஷ்மெக்ட், பேருந்து டேர் புஸ். 'மேசைமேல்' என்பதற்கு அவுஃப், 'பேருந்தில்' என்பதற்கு மிட்.

1. கரண்டி தேடுகிறேன்.
2. முள்கரண்டி மேசைமேல் கிடக்கிறது.
3. அந்தப் பெண்ணுக்கு உதவுகிறேன்.
4. பேருந்தில் போகிறேன்.
5. தேநீர் எனக்கு ருசிக்கிறது.
6. ஆசிரியருக்கு ஃபோன் போடுகிறேன்.

விடைகள்:

1. இஷ் ஸூஹெ டேன் லொஃபெல். விழுங்கிய 'ஐ'யை வெளியே எடுத்தீர்களா?
2. டீ காபெல் லீக்ட் அவுஃப் டேம் டிஷ். கிடக்கிறது, எங்கும் போகவில்லை, அதனால் நான்காம் வேற்றுமை.
3. இஷ் ஹெல்ஃபெ டேர் ஃப்ராவ்.
4. இஷ் ஃபாரெ மிட் டேம் புஸ். மிட் முதல் வரிச் சொல்.
5. டேர் டே ஷ்மெக்ட் மீர். தேநீர்தான் எழுவாய்.
6. இஷ் ரூஃபெ டேன் லேரர் அன். இங்கே டேம் எழுதியிருந்தால், நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, 'தமிழ் ஏமாற்றும் இடம்' என்று மேலே எழுதி, இந்த வாக்கியத்தை முதல் வரியாக வையுங்கள்.